தாலிக்கொடியும் காண்டாமிருகக் கொம்பும்

முதலில் எனக்குத் தெரிந்தது செம்புதான், கொம்பு அல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. லண்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஹீட்டர் பாதி வேலை செய்யும் அறையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. வேலை என்று சொல்லக்கூடாது, சம்பளம் கிடையாது. கிழமையில் மூன்று நாள் பிளேஸ்டோவில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று சம்பளம் வாங்கினேன். மிச்ச இரண்டு நாள், வனவிலங்குக் கடத்தலைக் கண்காணிக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் இந்த அறைக்கு வந்து, பழைய சாமான் விற்கும் இணையத்தளங்களில் காண்டாமிருகக் கொம்பு தேடினேன். விலங்கியலில் முதுகலை முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆபிரிக்காவுக்குப் போகிறேன், காட்டில் நிற்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்துவிட்டு, கடைசியில் லண்டனில் ஒரு கதிரையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த வேலையில் எனக்கு வெறி. ஒருநாளில் நான் பார்க்கும் விளம்பரங்களை மற்றவர்கள் ஒரு கிழமையில் பார்க்கமாட்டார்கள்.

விற்கிறவர்கள் ஒருபோதும் அந்த மிருகத்தின் பெயரை எழுதமாட்டார்கள். 'பழைய கொம்பு, பாட்டனுடையது' என்பார்கள். 'மாட்டுக்கொம்பாக இருக்கலாம், எனக்குத் தெரியாது' என்பார்கள். அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டுக்கொம்பு உள்ளே கோறை, வெறும் கூடு. காண்டாமிருகக் கொம்பு முழுக்கக் கட்டி. அடி, தேய்ந்த தும்புத்தடித் துடைப்பம் போல நார்நாராக இருக்கும். இந்த நாட்டில் பழையதொன்று வீட்டில் கிடந்தால் கிடக்கலாம். விற்க முடியாது. விற்பனைக்கு என்று ஒரு படம் போட்டாலே குற்றம்.

எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கொம்பு மாதிரி எதைக் கண்டாலும், யோசிக்க முதல் திரையைப் படம் பிடித்துப் பொதுக் கோப்புறையில் போட்டுவிட வேண்டும். பெரிதாக்கிப் பார்ப்பதெல்லாம் பிறகுதான், விளம்பரம் எந்த நிமிடமும் காணாமல் போய்விடும் என்பதால். நூற்றுக்கணக்கில் செய்து செய்து என் கை தானாகவே அதைச் செய்யும். அன்றைக்கும் செய்தது.

பிறகு பெரிதாக்கினேன். ஒரு சமையலறை மேசை. பலகையில் பொருத்திய கொம்பு. அளவு காட்டுவதற்காகப் பக்கத்தில் ஏதாவது வைப்பார்கள், அடிமட்டமோ கோலா டின்னோ. இதில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக இரண்டு தமிழ் எழுத்துகள். என் அம்மாவின் பெயரின் முதலெழுத்துகள். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பெயர் வெட்டுவித்து, பெரியம்மாவின் மகனின் கலியாணத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பிய செம்பு அது.

பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணை. ஜெர்மனியில் பல வருடம் ஒரு தொழிற்சாலையில் நின்றவர். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று அண்ணியையும் பிள்ளைகளையும் முதலில் இங்கே அனுப்பிவிட்டு, பின்னால் வந்து சேர்ந்தார். மோர்டனில் வீடு. ஒரு வெள்ளை வான் வைத்து, இறந்துபோனவர்களின் வீடுகளைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் வேலை செய்தார். ஹவுஸ் கிளியரன்ஸ். கட்டில், அலுமாரி, தோட்டத்து முயல் பொம்மை என்று எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. பிந்தி வந்ததால் அவர் மட்டும் மிச்சம். விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல நடத்தை உள்ளவரா என்று பார்ப்பார்கள். வேகமாக ஓடிப் பிடிபட்டால்கூட எழுதவேண்டும் என்று, வானை அவர் அந்த இரண்டு மாதமும் சவ ஊர்வலம் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணை ஏன் ஒரு கொம்பை விளம்பரத்தில் போட்டார் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

மூன்று கிழமைக்கு முதல், மோர்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் தினம். ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும், முப்பது படங்கள் தயார்செய்தேன். எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு சுங்க அதிகாரி, அதிகம் சிரிக்காத ஆங்கிலேயப் பெண். படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "விலையைச் சொல்லாதே. என்ன சொன்னாலும் கடைசியில் அது ஒன்றுதான் தலையில் நிற்கும்." எங்கள் கையேட்டிலும் அதுதான் இருந்தது. வேட்டைக்காரனை உருவாக்குவது துப்பாக்கி அல்ல, விலை பற்றிய பேச்சு என்று நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன்.

பேசத் தொடங்கினேன். காட்டைக் காட்டினேன். கொம்பு வெட்டப்பட்ட தாய் மிருகத்தைக் காட்டினேன். காவல்காரர்கள் தாங்களே மயக்க ஊசி போட்டு, கொம்பை நோகாமல் அரிந்து, வேட்டைக்காரன் வந்தாலும் எடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் செய்வதைக் காட்டினேன். பிடிபட்ட கொம்புகளை ஓர் அரசாங்கம் மலைபோலக் குவித்துக் கொளுத்துவதைக் காட்டினேன். "உலகத்துக்கே காட்டி எரிக்கினம். இது ஒருத்தருக்கும் ஒரு சதமும் பெறாத சாமான் எண்டு சொல்லுறதுக்கு." பின்வரிசையில் ஐயாமார் போனைத் தடவினார்கள். அம்மாமார் சமையலறைப் பக்கம் ரோல்ஸ் பொரியும் மணத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமையில் வெட்டக்கூடாது என்கிறோமே, அதே நகம்தான் இந்தக் கொம்பு என்றேன். பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறேன், கொட்டாவி விடுகிறார்களே என்று உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. முன்வரிசை அம்மா ஒருவரின் கழுத்தைப் பார்த்தேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"அன்ரி, உங்கட தாலிக்கொடியும் இந்தக் கொம்பும் ஒரே நிறை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எது கூட விலை போகும்?"

மண்டபம் முழுவதும் தலை நிமிர்ந்தது. எங்கள் ஆட்களுக்கு வீட்டு விலை, கார் விலை எல்லாம் பிறகு. பெண்ணுக்கு எத்தனை பவுணில் கொடி என்பதுதான் எல்லோருக்கும் விளங்கும் கணக்கு.

"கொடிதானே, பிள்ளை!"

"இல்லை. கொம்பு. கள்ளச் சந்தையில தங்கத்தையும் தாண்டிப் போகுது எண்டு சொல்லுகினம்."

ஓ என்று ஒரு சத்தம். யாரோ கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இனி மாப்பிள்ளை வீட்டார் கொம்பில கொடி கேக்கப்போகினம்!" என்றது. சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிறகு வந்த கேள்வி எல்லாமே விலைதான். அண்ணையும் கையை உயர்த்தினார். எதற்கும் கை உயர்த்தாத மனிதர்.

"பழசெண்டாலும் அப்பிடிப் போகுமோ? நூறு வருசத்துக்கு முந்தினதெண்டாலும்?"

"ஓம் அண்ணை, கொம்பு கொம்புதானே. பழுதாப் போகாது."

அவர் கேள்வி கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சட்டத்தைச் சொன்னேன், விற்பது குற்றம் என்று கட்டாயம் சொன்னேன். ஆனால் அதற்குள் தேநீர்த் தட்டங்கள் வந்துவிட்டன. கதிரைகள் இழுபடும் சத்தத்துக்குள் என் கடைசி மூன்று படங்களும் போய்விட்டன.

அந்தச் செம்பைக் கண்டதும் எழுந்து அலுவலகப் படிக்கட்டுக்கு வந்து அழைத்தேன். அண்ணை வானில் இருந்தார்.

"அண்ணை, அந்தக் கொம்பு…"

"கண்டிட்டியோ!" குரலில் சந்தோசம். "உனக்குச் சொல்லாமல் ஒரு ஆச்சரியமா வைச்சிருப்பம் எண்டு நினைச்சன். சரே பக்கம் ஒரு வீட்டில, கராஜுக்குள்ள கிடந்தது, கிறிஸ்மஸ் லைற் பெட்டியோட. செத்த மனிசன்ர மகளிட்டைக் காட்டினனான். அதைப் பாக்கவே அருவருப்பா இருக்கு, கொண்டுபோங்கோ எண்டு சொல்லிச்சுது. எட்டு மாசம் என்ர கராஜுக்குள்ள சும்மா கிடந்தது. நீ கதைச்சதாலதான் எனக்கு இது அந்தக் கொம்பெண்டே தெரியும்."

"விக்க ஏலாது அண்ணை. படம் போட்டதே குற்றம்."

இன்டிகேட்டர் சத்தம் கேட்டது. வானை ஓரங்கட்டினார்.

"அது புதுசா வெட்டினதுக்கல்லோ?"

"இல்லை. எல்லாத்துக்கும். நான் சொன்னனான்."

"எனக்குக் கேக்கேல்லைப் பிள்ளை." பிறகு மெதுவாக, "ஒராள் நாளைக்குப் பாக்க வாறன் எண்டு மெசேஜ் போட்டிருக்கு."

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. விளம்பரத்தை உடன எடுங்கோ. நான் பின்னேரம் வாறன்."

நான் மேசைக்குத் திரும்பியபோது விளம்பரம் மறைந்திருந்தது. ஆனால் என் படம் கோப்புறையில் இருந்தது. செம்பு, எழுத்து, கொம்பு எல்லாம் பளிச்சென்று. அழிக்கலாம். அழித்தால் அழித்தது யார் என்று பதிவில் நிற்கும். அதற்காகத்தான் அழிக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. எத்தனையோ பேருடைய படங்களைக் கொஞ்சமும் யோசிக்காமல் மேலே அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கும் யாராவது தங்கச்சி இருந்திருப்பாள்.

நோதர்ன் லைன் ரயிலின் கடைசி நிலையம் மோர்டன். ஐந்து மணிக்கே இருட்டி, தூறிக்கொண்டிருந்தது. அண்ணை கொம்பைச் சமையலறை மேசையில் வைத்திருந்தார், செம்பு மட்டும் சாமித்தட்டுக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கொம்பை நான் தொட்டது அந்த ஒரே தடவைதான். இரண்டு வருடம் படித்திருக்கிறேன், ஒரு வருடம் படங்களில் தேடியிருக்கிறேன், ஒருநாளும் தொட்டதில்லை. நுனி வழுவழுவென்று. அடி சொரசொரவென்று, நார் நாராக. யாருடைய பாட்டனோ சுட்ட மிருகம். அதற்குப் பிறகு எத்தனை பேரின் வரவேற்பறைச் சுவர், கடைசியில் ஒரு கிறிஸ்மஸ் லைற் பெட்டி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்திலும் எனக்குள் ஒரு துள்ளல் இருந்தது.

"நாளைக்குக் காலமை நீங்களாப் பொலிசில குடுங்கோ," என்றேன். "தெரியாமல் போட்டனான், தெரிஞ்ச உடன எடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோ. தானாக் குடுத்தால் வேற மாதிரிப் பாப்பினம்."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றார். "நீர் சொல்லுறதைக் கேட்டுத்தானே உது மேசைக்கு வந்தது."

"அவளை விடும்," என்றார் அண்ணை. பிறகு என்னிடம், கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "பிள்ளை, தானாப் பொலிசுக்குப் போன ஆக்களை நான் ஊரில திரும்பக் காணேல்லை."

"இது ஊரில்லை அண்ணை."

"ஓம். தெரியும்."

ஓம் என்றார், தலையையும் ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் பொறுப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன்: இந்தப் படத்தில் இருப்பது என் அண்ணையின் மேசை. தெரியாமல் செய்துவிட்டார். இன்றைக்கு அவரே பொலிசில் கொண்டுபோய்க் கொடுப்பார். தமிழ்ப் பள்ளியில் நான் விலையைச் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாலைவரை பொறுக்கிறேன், பிறகு பொலிசுக்கு அனுப்பத்தான் வேண்டும், உன் அண்ணை தானே கையளிக்க வருவதாக எழுதி அனுப்புகிறேன் என்றார்.

இரண்டு மணிக்கு அண்ணையின் அழைப்பு வந்தது. "முடிஞ்சுது பிள்ளை. இனி ஒண்டுமில்லை. நீ யோசியாதை." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறுப்பாளரிடம் ஓடிப்போய், கொடுத்துவிட்டார் என்றேன். அவரும் அப்படியே எழுதினார்.

மூன்றாம் நாள் பொலிஸ் என்னை அழைத்தது. எந்த நிலையத்திலும் யாரும் எந்தக் கொம்பையும் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரம் மோர்டனுக்கு ஓடினேன். அண்ணை என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தோட்டத்து மூலையில், பழைய வீடுகளின் குப்பைப் பலகைகளை எரிக்கும் தகரப் பீப்பா. அடியில் கறுப்பாக, தார் போல உருகி ஒட்டிய ஏதோ ஒன்று.

"மரம் அரியிற வாளால அரிஞ்சன். நாலு துண்டா. லேசில எரியேல்லை. பார்பிக்யூக் கரி ரெண்டு பை போட்டன். விடிய ஏழு மணிக்குத் தொடங்கி ஒருமணி வரைக்கும் நிண்டன். மயிர் கருகின மணம். பக்கத்து வீட்டு மனிசி கவுன்சிலுக்கு ஈமெயில் போட்டிட்டா."

"ஏன் அண்ணை? ஏன் எரிச்சனீங்கள்?"

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீதானே படம் காட்டினனீ? அரசாங்கமே குவிச்சு எரிக்குது எண்டு? ஒருத்தருக்கும் பெறாமல் போறதுக்கு எரிக்கிறது எண்டு? அதைத்தான் செய்தன். சரியானதைத்தான் செய்தன் எண்டு நினைச்சன்."

என் பேச்சை அந்த மண்டபத்தில் முழுமனதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். விலையையும் கேட்டார், நெருப்பையும் கேட்டார். இடையில் இருந்த சட்டத்தை மட்டும் கேட்கவில்லை.

பொலிசார் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதைச் சொல்லவேண்டும். இரண்டு பேர் வந்தார்கள், சப்பாத்தைக் கழற்றவா என்றுகூடக் கேட்டார்களாம். பீப்பாவில் சுரண்டி எடுத்துப் போனார்கள். அதிலிருந்து என்ன விலங்கு, எவ்வளவு நிறை என்று எதுவும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அண்ணையின் போனில், பார்க்க வருகிறேன் என்றவனின் மெசேஜ் இருந்தது. வரவேண்டாம் என்று இவர் எழுதவில்லை, போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அழைப்பு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்பதற்கு யார் சாட்சி? அந்த எண் இப்போது வேலை செய்யவில்லை.

என்னையும் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார்கள். விசாரித்த அதிகாரி ஓர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். மற்ற நேரமாக இருந்தால் அவருக்கு நான் என் முப்பது படங்களையும் காட்டியிருப்பேன். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: தங்கத்தைவிட விலை போகும் என்று நீங்களே சொன்ன ஒரு பொருளை, அதைக் கேட்டு விற்கப் போட்ட ஒரு மனிதர், வாங்க ஆளும் வரவிருக்கும் நேரத்தில் எரித்தார் என்கிறீர்கள். ஒரு துண்டை எரித்துவிட்டு மிச்சத்தை அந்த ஆளிடம் கொடுத்திருக்கலாம், இல்லையா?

இல்லை என்றேன். உடனே சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கேள்வி என்னோடு ரயிலில் ஏறிவிட்டது. கொம்பு முழுவதும் எரிந்தால் அடியில் எவ்வளவு மிஞ்சும்? நான் படித்தவள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மருந்துக்கடை முடிந்து நேரே மோர்டனுக்குப் போனேன். அண்ணை வானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றேன், "கோவிக்காதேங்கோ. முழுக்க எரிச்சனீங்களோ?"

குழாயை நிறுத்தினார். தண்ணீர் வானின் பக்கத்தால் வழிந்து ஓடியது.

"பொலிஸ் கேட்டது. அது அவங்கட வேலை," என்றார். "நீயும் நம்பேல்லையோ?"

நம்புகிறேன் என்று சொன்னேன். பிந்திவிட்டது. அவர் திரும்பவும் குழாயைத் திறந்தார்.

ஒரு மாதம் கழித்து அண்ணி பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், வாசலில் அம்மாவிடம் ஒரு கடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் செம்பு. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிடி அரிசியோ சீனியோ போட்டுத்தான் கொடுப்போம், வெறுமையாகக் கொடுப்பதில்லை. செம்புக்குள் ஒன்றும் இல்லை. அம்மா உள்ளே கை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு அதை அலுமாரியின் மேல்தட்டில், எழுத்து சுவரைப் பார்க்கும்படி வைத்தார்.

விற்கப் போட்ட குற்றத்துக்கு வழக்கு வருமா, வராதா என்று இன்னும் சொல்லவில்லை. அது முடியும்வரை குடியுரிமை விண்ணப்பத்தில் முடிவு எடுப்பதில்லை என்று ஒரு கடிதம் வந்ததாக அம்மா மூலம் அறிந்தேன். அண்ணை இப்போதும் வானை மெதுவாகத்தான் ஓட்டுகிறாராம்.

நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கதிரையில்தான் உட்காருகிறேன். போன கிழமை ஒரு பாடசாலையில் பேசச் சொன்னார்கள், போனேன். தங்கப் பேச்சும் இல்லை, தீப் படமும் இல்லை. கொம்பு அரியும் காவல்காரர்களை மட்டும் காட்டினேன். முடிவில் ஒரு தகப்பன் எழுந்து, அது என்ன விலை போகும் என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

அவர் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.